கடலுக்கான காசை யார் கொடுப்பது?

பாரிஸின் லாச்சப்பல், அதன் புறநகரான வில்லியே லே பெல் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைக் கல்லாவில் கொடுக்க 2016 ஜூலை முதல் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருவதில்லை. இனிக் கடலைக் காக்க, கல்லாவில் வாங்கும் மற்றப் பைகளுக்கு நாம் காசும் கொடுப்போமா? கொடுப்போம் என்பதே என் எண்ணம். அயர்லாந்து 2002-இல் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. பயன்பாடு சுமார் 90 சதவீதம் குறைந்தது. வசூல் சுற்றுச்சூழல் நிதிக்கே போனது. மக்களும் அதை வெறுக்கவில்லை.

உற்பத்தி செய்பவர் கொடுக்கட்டும், ஏழை ஏன் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. 2021-இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணைகளுக்கு நீர்கொழும்பு மீனவர் பொறுப்பல்ல. 2025-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீட்டைச் செலுத்தும்படி கப்பல் தரப்புக்குத்தான் உத்தரவிட்டது. பொறுப்பில் பெரும்பங்கு இத்தகைய நிறுவனங்களுடையதே. ஆனால் பையைக் கேட்டு வாங்குவது நாம். வசூலான காசு எங்கே போனது என்று கடைக்காரர் வாசலில் எழுதி ஒட்டட்டும். சில சென்டுக்கு நம்மவர் முகம் சுளிக்கமாட்டார்கள்.