குளிசை எண்ணுற வேலையா?

போன மாதம் ஸ்காபரோவில் சித்தப்பா வீட்டில் இரவுச் சாப்பாடு. தங்கச்சி இப்போது 12ஆம் வகுப்பு. எங்கே விண்ணப்பிக்கப் போகிறாய் என்று கேட்டேன். "கொலிஜ்ல பாமசி ரெக்னீசியன், ரெண்டு வருசம்" என்றாள். சித்தப்பா கரண்டியை வைத்துவிட்டார். "குளிசை எண்ணுறதுக்கோ நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தனாங்கள்?"

மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியலில் மாஸ்டர்ஸ் முடித்தவன், ஐ.ரி. கொன்சல்ரன்ற். அம்மா கோயிலில் சந்திக்கிற எல்லாருக்கும் "மகன் இஞ்சினியர்" என்று சொல்லுவா. ஒன்ராறியோ சட்டப்படி அது பிழை. பொறியியலாளர் சங்கத்தின் உரிமம் எடுக்காதவன் தன்னை இஞ்சினியர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, நான் எடுக்கவில்லை. வேலைக்கும் அது தேவைப்படவில்லை. இத்தனை வருடத்தில் என் வேலையைப் பார்த்து "இதைச் செய்ய உனக்குத் தகுதி இருக்கிறதா" என்று எந்த அரச சட்டமும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் விட்ட பிழையைச் சனிக்கிழமை காலை பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். விழுங்கிய குளிசையைத் திருப்ப முடியாது. ஆனாலும் எங்கள் கலியாண வீடுகளில் கதிரை இழுத்துப் போடுவது எனக்குத்தான், ரெக்னீசியனுக்கு அல்ல.

சித்தப்பா "குளிசை எண்ணுறது" என்று சொல்வதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒன்ராறியோ பாமசிக் கவுன்ரருக்குப் பின்னால் மூன்று வகை ஆட்கள் நிற்கலாம். ஒருவர் பாமசிஸ்ட்: குறைந்தது இரண்டு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு, அதற்கு மேல் நாலு வருட பாம்.டி. அடுத்தவர் பாமசி ரெக்னீசியன்: அங்கீகரிக்கப்பட்ட இரண்டு வருட டிப்ளோமா, செயல்முறைப் பயிற்சி, பி.ஈ.பி.சி. என்கிற தேசியச் சபையின் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும், அதன்பின் சட்டப் பரீட்சை, சொந்தப் பெயரில் பொறுப்புக் காப்புறுதி. மூன்றாமவர் அசிஸ்ரன்ற். அவருக்கு உரிமமும் இல்லை, பதிவும் இல்லை. மூவரையும் நாங்கள் ஒரே வாயால் "பாமசியில நிக்கிறா" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

ரெக்னீசியனை உரிமத்துக்குள் கொண்டுவந்த முதல் மாகாணம் ஒன்ராறியோதான், 2010 டிசம்பரில். அன்றிலிருந்து அந்தப் பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பெயர். பதிவு இல்லாதவர் அதைப் பாவிக்க முடியாது. ஒன்ராறியோ பாமசிஸ்ட்கள் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் யாருடைய பெயரையும் நீங்களே தட்டிப் பார்க்கலாம். கல்லூரி என்றதும் பள்ளிக்கூடம் என்று நினைக்க வேண்டாம், உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அவர்கள்தான்.

வேலை எப்படிப் பிரிகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். ஒரு மருந்துத் துண்டுக்கு இரண்டு வகைச் சோதனை உண்டு. இந்த ஆளுக்கு, இந்த வருத்தத்துக்கு, அவர் ஏற்கனவே எடுக்கிற மற்ற மருந்துகளோடு இது பொருந்துமா என்பது ஒன்று. அது பாமசிஸ்டின் தீர்ப்பு, அதை வேறு யாரும் செய்ய முடியாது. துண்டில் எழுதியதும் கொம்பியூட்டரில் பதிந்ததும் போத்தலுக்குள் இருப்பதும் லேபிளில் அச்சானதும் ஒன்றா என்பது மற்றது. இரண்டாவதில் ரெக்னீசியன் கையெழுத்து வைக்கலாம். வைத்தால் பொறுப்பும் அவருடையதுதான், பாமசிஸ்டின் நிழலுக்குள் ஒளிய முடியாது. தான் தயாரித்ததைத் தானே சோதித்து அனுப்புவதும் ஒழுங்கல்ல. இன்னொரு கண் வேண்டும். எங்கள் ஐ.ரி.யில் இதைப் பெரிய ஞானம் போல மேடை போட்டுச் சொல்லுவோம், பிறகு அவசரம் என்று தாண்டிப் போவோம்.

இது எனக்கு வெறும் தத்துவம் இல்லை. அப்பம்மாவுக்கு மூட்டுவாதம். மெதொற்றெக்சேற் எடுக்கிறா: 2.5 மில்லிகிராம் குளிசை ஆறு, கிழமைக்கு ஒரே ஒரு நாள். அதே மருந்தை ஒவ்வொரு நாளும் எடுத்தால் எலும்பு மச்சையையே அடித்துப் போட்டுவிடும், ஆள் இறந்தும் போகலாம். உலகம் முழுவதும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிற பிழை இது. ஒரு நாள் அப்பம்மாவின் மருந்தை எடுக்கப் போய் இருபது நிமிடம் காத்து நின்றேன். எரிச்சல். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றேன், கவுன்ரரில் விரலால் தட்டியும் இருப்பேன். கடைசியில் பாமசிஸ்ட் வெளியே வந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். துண்டில் கிழமைக்கு ஒருதரம் என்று இருந்ததை யாரோ தினமும் என்று பதிந்துவிட்டார்கள், கடைசிச் சோதனையில் ரெக்னீசியன் பிடித்துவிட்டார். உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண் குனிந்து அடுத்த பையைச் சோதித்துக்கொண்டிருந்தா. நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. காரில் ஏறிய பிறகுதான் கை நடுங்கியது.

அந்தப் பெண்ணைத்தான் சித்தப்பா குளிசை எண்ணுகிற ஆள் என்கிறார்.

இனி மாமி. யாழ்ப்பாணத்தில் மாமி பாமசிஸ்ட், இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவ. ஆனால் படித்தது பட்டம் அல்ல, கடையில் பயிலுநராக நின்று பரீட்சை எழுதி வந்த பழைய வழி. இங்கே பாமசிஸ்ட் பரீட்சைக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், கதவு அங்கேயே மூடிவிட்டது. பட்டத்தோடு வந்தவர்களுக்கும் பாதை சுகமில்லை. ஆவணச் சோதனை, மதிப்பீட்டுப் பரீட்சை, இரண்டு பகுதித் தகுதிப் பரீட்சை, நேரடிப் பயிற்சி, சட்டப் பரீட்சை. இத்தனைக்கும் ஆயிரக்கணக்கான டொலர், எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் எல்லை. மாமி பன்னிரண்டு வருடம் அசிஸ்ரன்றாக நின்றா. ரெக்னீசியன் உரிமம் வந்ததும், ஏற்கனவே வேலையில் இருந்தவர்களுக்குத் திறந்த இணைப்பு வகுப்புகளில் சேர்ந்து, இரவு பத்து மணிக்கு வீடு வந்து, ஐம்பதுக்குக் கிட்டிய வயதில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தா. அந்தக் கிழமை எங்கள் வீட்டில் யாரும் கேக் வெட்டவில்லை. என் மாஸ்டர்ஸுக்கு மண்டபம் எடுத்தவர்கள் நாங்கள்.

பரீட்சையை லேசாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பம்மாவின் மருந்து விசயத்தில் எனக்குக் கடுமையான பரீட்சைதான் வேண்டும். உரிமம் எடுத்த பிறகு அதை மதிக்காமல் விடுவதுதான் என் கோபம். முதலாளிகளும் இதில் குற்றவாளிகள். தெருவோரப் பாமசி ஒரு ரெக்னீசியனையாவது வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் பல கடைகள் மலிவான அசிஸ்ரன்றோடு காலத்தை ஓட்டுகின்றன, எல்லாச் சோதனையும் ஒரே பாமசிஸ்டின் தலையில். அந்தத் தலைக்கு இப்போது வேறு வேலைகளும் வந்திருக்கின்றன. 2023 ஜனவரியில் 13 சிறு வருத்தங்களுக்குப் பாமசிஸ்ட் தானே மருந்து எழுதலாம் என்றது ஒன்ராறியோ, அதே வருடம் ஒக்ரோபரில் 19 ஆக்கியது. கண் சிவப்பு, சிறுநீர்த் தொற்று, முகப்பரு என்று பட்டியல் போகிறது. நல்ல விசயம், குடும்ப டொக்டர் இல்லாதவருக்குப் பெரிய உதவி. ஆனால் ஆளோடு இருந்து கதைக்க நேரம் வேண்டாமா? மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட மருந்து எடுப்பவர்களுக்கு வருடத்தில் ஒருதரம் இலவசமாக இருந்து விளக்கும் மெட்ஸ்செக் என்றொன்று 2007 முதல் இருக்கிறது. அதையே எண்ணிக்கை இலக்கு வைத்துத் துரத்துகிறார்கள் என்ற முறைப்பாடு 2024இல் செய்திகளில் அடிபட்டது. போத்தலைச் சரிபார்க்கும் வேலையை உரிமம் பெற்ற ரெக்னீசியனிடம் கொடுத்தால், பாமசிஸ்ட் உங்கள் அப்பம்மாவோடு உண்மையாகவே இருந்து கதைக்கலாம்.

தம்பி தங்கச்சிமாரே, அடுத்தமுறை மருந்து எடுக்கப் போனால், இதைச் சோதித்தது யார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அப்பம்மா, தாத்தாமாரை மெட்ஸ்செக்குக்குக் கூட்டிப்போங்கள், மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருங்கள். போன வருடம் அப்பம்மாவோடு நான் போனபோது, பாமசிஸ்ட் கேட்ட இரண்டாவது கேள்வியிலேயே அவ கொழும்பிலிருந்து வந்த ஏதோ ஆயுர்வேதத் தூளையும் சேர்த்து எடுப்பது வெளியே வந்தது. பேரனுக்கு அது தெரியாது. நான் கேட்டதே இல்லை.

தங்கச்சியின் விண்ணப்பம் இன்னும் மடிக்கணினியில் பாதியில் நிற்கிறது. சித்தப்பா இதை வாசித்துக் கோபப்படுவார் என்று தெரியும். வரட்டும், சனிக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். மாமியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.