காகிதக் கப்பலில் வரும் இங்கிலீஷ்

வகுப்பில் தமிழ் பேசிவிட்ட குழந்தைக்கு அபராதம் போடும் பள்ளிகள் இன்னமும் இருக்கின்றன. அந்த நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. வசூலான காசை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போங்கள். ரெண்டு கிலோ வாங்கி, நோட்டுத் தாள் அளவுக்கு வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கப்பல் செய்யச் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்பதை மட்டும் இங்கிலீஷில் சொல்லுங்கள்.

சிரிக்காதீங்க. நீங்கள் பத்து வருஷமாகச் செய்து பார்த்து வராததை வேறு வழியில் செய்து பார்க்கத்தான் சொல்கிறேன்.

'ஃபோல்ட் என்றால் மடி. பத்து தரம் எழுதிட்டு வா.' இதுதான் நம்ம முறை. பிள்ளையும் எழுதும். ஸ்பெல்லிங்கும் தப்பாது. ஆனால் அந்த வார்த்தையை அது வகுப்பில் நிஜமாகக் கேட்கிற சமயம் ஒன்றே ஒன்றுதான்: 'ஃபோல்ட் யுவர் ஹேண்ட்ஸ்.' கையைக் கட்டு. அடுத்து 'ஃபிங்கர் ஆன் த லிப்ஸ்.' வாயை மூடு. கையும் கட்டியாச்சு, வாயும் மூடியாச்சு. அப்புறம், 'இந்தப் பசங்களுக்கு இங்கிலீஷே வரமாட்டேங்குது சார்' என்றால் எங்கிருந்து வரும்?

தமிழில் 'பேப்பரை மடி' என்கிறோம். வேலை கடைசியில் வருகிறது. இங்கிலீஷில் 'ஃபோல்ட்' முதலில் வந்து நிற்கிறது. எதை, எங்கே என்பதெல்லாம் பின்னால்தான். நாம் 'மடிப்புக்குள்ளே' என்போம். அவன் 'உள்ளே'யை முன்னால் வைத்து 'இன்சைட் த ஃபோல்ட்' என்பான். இதைக் கரும்பலகையில் விளக்கினால் இலக்கணம். ஆறு வயசுப் பிள்ளை கொட்டாவி விடும். கையில் தாள் இருந்தால் விளக்கவே வேண்டாம். கை அந்த வரிசையிலேயே போய்ப் பழகிவிடும்.

இன்னொன்று. 'டர்ன் இட் ஓவர்', 'டர்ன் இட் அரவுண்ட்'. ரெண்டுக்கும் நாம் 'திருப்பு' என்றே சொல்லித் தப்பித்துவிடுவோம். தொப்பி மடிக்கும்போது முன்பக்க ஓரத்தை மேலே மடித்ததும் 'டர்ன் இட் ஓவர்' வரும். பின்பக்கம் மேலே வரும்படி புரட்ட வேண்டும். பிள்ளை தாளைத் தட்டாமாலை சுற்றினால், மடித்த பக்கமே மறுபடி முகத்தைக் காட்டும். மடிக்க ஓரம் இருக்காது. பிள்ளைக்கே தெரிந்துவிடும். சிவப்பு மையால் யாரும் சுழிக்கத் தேவையில்லை, பிரம்பும் வேண்டாம். பிரித்துவிட்டு மறுபடி மடித்தால் ஆச்சு. அந்தப் பிரிப்பதற்கும் ஒரு வார்த்தை கிடைக்கிறது: 'அன்ஃபோல்ட்'.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியல் பேராசிரியர் 1960-களில் ஜப்பானிய, ரஷ்ய மொழிகளைக் கட்டளைகள் மூலமாகவே சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். நில், நட, திரும்பு. சொன்னதைச் செய்தால் போதும், பேச வேண்டாம். கைக்குழந்தை பேசுவதற்கு ரொம்ப முன்னாலேயே, 'பந்தை எடு' என்றால் எடுக்கிறதே, அதுதான் அடிப்படை. முதலில் காது, அப்புறம் கை, கடைசியில்தான் வாய். நம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கடைகளில் முதல் நாளே, 'கூச்சப்படாமப் பேசுங்க' என்று எழுப்பி நிற்க வைத்துவிடுகிறார்கள்.

எனக்குப் பயம் என்னவென்றால், இதையும் கெடுத்துவிடுவோம். இப்பவே சம்மர் கேம்ப்களில் ஒரிகாமி வந்தாச்சு. பாட்டு ஓடும் வீடியோவைப் பார்த்துப் பிள்ளைகள் கப்சிப்பென்று மடிக்கின்றன. மொழி எங்கே? சில பள்ளிகளில் முழுக்கத் தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் எ போட்' என்பார்கள். கிடைத்தது ஒற்றை வார்த்தை. இன்னும் மோசம், கிராஃப்ட் புராஜெக்ட். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா மடிப்பார், காலையில் பிள்ளை மார்க் வாங்கும்.

'நாற்பது பிள்ளைங்க சார், சிலபஸை யார் முடிப்பா?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயம்தான். வாரத்தில் ஒரு பீரியட் போதும். கப்பல் விட்டே முழு மொழியும் வராது என்பதும் நிஜம். கதை சொல்ல, கடையில் பேரம் பேச, அழ, சண்டை போட வேறு பாடம் வேண்டும். இது ஆரம்பத்துக்கானது. அந்த ஆரம்பத்தில்தானே நம் பிள்ளைகள் மிரண்டு போகின்றன?

காகிதம் மடித்துப் பாடம் சொல்வது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. சுந்தர ராவ் என்பவர் காகிதம் மடித்தே ஜியோமிதி கற்பிக்க 1893-ல் சென்னையில் ஒரு புத்தகம் போட்டார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுத, 1901-ல் சிகாகோவிலும் அச்சாகியது. அவருக்கு இந்த யோசனையைக் கொடுத்ததே கிண்டர்கார்டன் குழந்தைகளின் காகித மடிப்புதான். நாம் கிண்டர்கார்டனை எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சுருக்கி, ஃபீஸை மட்டும் விரித்துக்கொண்டோம்.

பெற்றோர் சும்மா இருப்பார்களா? 'நோட்டுல ஒரு வரிகூட எழுதலையே, இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?' என்று வந்து நிற்பார்கள். அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து உட்கார வையுங்கள். பிள்ளை இங்கிலீஷில் சொல்லட்டும், அப்பா மடிக்கட்டும். 'டர்ன் இட் ஓவர்' என்றதும் அவர் தாளைச் சுற்றினால், 'ஐயோ அப்பா, அது அரவுண்ட்!' என்று அது திருத்தும்.