தியானன்மென் தாய்மார்களின் பொருட்டு: சீன அதிபருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அதிபர் ஷி ஜின்பிங் அவர்களுக்கு,

பெய்ஜிங் தியானன்மென் சதுக்கத்தின் நடுவே நிற்கும் மக்கள் வீரர் நினைவு ஸ்தூபியின் பீடத்தில், 1919 மே 4 அன்று தேசத்தின் மானத்துக்காக வீதிக்கு வந்த மாணவர்களின் உருவங்களைத் தங்கள் அரசே செதுக்கி வைத்திருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1989 வசந்த காலத்தில், கட்சியின் முன்னாள் பொதுச் செயலாளர் ஹூ யாவ்பாங்கின் மறைவுக்குத் துக்கம் காக்க வந்து, லஞ்சம் ஒழிய வேண்டும், பத்திரிகைகள் சுதந்திரமாக எழுத வேண்டும், ஆள்வோர் தங்களைச் சமமாக மதித்துப் பேச வேண்டும் என்று வேண்டி, மே 13 முதல் உண்ணாவிரதமும் பூண்ட மாணவர்கள் கூடியிருந்ததும் அந்த ஸ்தூபியைச் சுற்றித்தான். கல்லில் நிற்கும் மாணவனுக்கு மலர்வளையம், உயிரோடு வந்த மாணவனுக்குத் துப்பாக்கிக் குண்டு என்று எந்தச் சாஸ்திரம் விதித்தது?

அவ்வாண்டு ஜூன் 3 இரவு, ராணுவம் சுட்டதில், பெய்ஜிங்கின் மூஷிடியில் தம் பதினேழு வயதுப் புதல்வனைப் பறிகொடுத்த தத்துவ ஆசிரியை டிங் ஸிலின், தம்மைப் போன்ற பெற்றோரைத் தேடித் தியானன்மென் தாய்மார்கள் என்னும் குழுவாகச் சேர்த்து, அரசு வெளியிட்டிருக்க வேண்டிய மாண்டவர் பட்டியலைத் தாமே தொகுக்கலானார். இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. உண்மை, நஷ்டஈடு, சட்டப்படியான விசாரணை என்னும் இம்மூன்றையே கேட்கும் அத்தாய்மார்களுக்குக் கிடைத்ததோ காவலும் கண்காணிப்பும். அந்நாட்களில் சிப்பாய்கள் சிலரும் மாண்டார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. அவர்களைப் பெற்றவர்களின் துக்கமும் துக்கமே. 

அம்மாணவர்களைக் கலகக்காரர் என்ற கட்சியின் தீர்ப்பு மாறாதது என்றும் சொல்வதற்கில்லை. 1976 ஏப்ரலில், இதே சதுக்கத்தில், மறைந்த பிரதமர் சூ என்லாய்க்கு அஞ்சலி செலுத்த வந்து அடிபட்ட ஜனங்களை எதிர்ப்புரட்சிக்காரர் என்று தூற்றிய கட்சி, 1978 நவம்பரில் அவர்கள் செய்கையைப் புரட்சிச் செயலென்றே ஒப்புக்கொண்டது. ஒரு நாவலின் பொருட்டு 1962-இல் பழி சுமந்து, பதவி இழந்து, சிறையும் அவமானமும் அனுபவித்த தங்கள் தந்தையார் ஷி ஜோங்ஷுன் மீண்டும் பொறுப்பேற்றதும் அதே 1978-இல்தான். அந்தப் பழியின் நிழலில் பதினைந்து வயதில் ஷான்ஷிக் கிராமத்துக்குச் சென்ற தங்களுக்கு, நிரபராதியின் குடும்பம் படும் வேதனையைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அத்தாய்மார்களில் பலர் நீதியைக் காணாமலே கண்மூடிவிட்டார்கள். எஞ்சியவர்கள் முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். ஆகவே, ஆவணங்களைத் திறப்பதற்கும் மாணவர்மீது சுமத்திய குற்றத்தை நீக்குவதற்கும் காலம் பிடிக்குமாயினும், வருகிற ஜூன் 4-ஆம் நாள் அவர்கள் வான்ஆன் மயானத்துக்குப் போலீஸ் காவலின்றிச் சென்று தம் மக்களுக்காக அழுதுவர அனுமதிக்கும் ஆணையில் தாங்கள் இப்போதே கையொப்பமிட வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன்.