மின்கலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒளிப்படக் கருவிக்கு மாற்று மின்கலம் வாங்கச் செல்வோர் கடையில் இருவகை மின்கலங்களைக் காண்கின்றனர். ஒன்று, கருவியைச் செய்த நிறுவனமே தன் பெயரில் விற்பது. மற்றொன்று, பிற நிறுவனங்கள் அதே வடிவில் செய்து குறைந்த விலைக்குத் தருவது. பெயருக்காகக் கூடுதல் பணம் தருவது வீண் என்பர் சிலர். மலிவானது கருவியைக் கெடுத்துவிடும் என்பர் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது.

1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம், சிறிய வடிவில் மிகுந்த ஆற்றலைச் சேமிக்க வல்லது. ஆனால் அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ, அதன் இருமுனைகளும் உலோகத்தால் இணைந்துவிட்டாலோ, அது சூடேறித் தீப்பற்றக்கூடும். இதைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று மின்கலத்தின் உள்ளே இருக்கவேண்டும். அதனை வாங்குவோர் கண்ணால் காண இயலாது. உறையின்மேல் உள்ள மில்லி ஆம்பியர்-மணி எண்ணையோ எவரும் பெரிதாக அச்சிடலாம். ஒரே வடிவுள்ள மின்கலத்தில் அவ்வெண் மட்டும் மிகப் பெரிதாக இருப்பின் ஐயுறுவதே அறிவு.

இந்தியாவில் இத்தகைய மின்கலங்கள் ஐ.எஸ். 16046 என்னும் தரநிலைப்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவுபெற வேண்டும். அப்பதிவு எண்ணைத் தாங்கிய பிற நிறுவன மின்கலத்தை வாங்குவதில் பிழையில்லை. சில கருவிகள் அதன் மின்னிருப்பைச் சரியாகக் காட்டாமற்போகலாம். அது சிறு குறையே. புகழ்பெற்ற பெயரைப் பொறித்த போலிகளும் சந்தையில் உண்டு. ஆதலின், பெயரையும் விலையையும் ஒப்பிடுமுன் தரக்குறியைக் காண்பதே முறை. சேமிக்கும் சில நூறு ரூபாயைவிட, மின்னேற்றி இயங்கும் வீட்டின் பாதுகாப்பு பெரிது.