படம் எடுத்தால் போதுமா?

ஒன்றை ஈட்டுதல் வேறு. ஈட்டியதைப் பேணுதல் வேறு. முன்னதில் விரைவு காட்டும் நம் மக்கள் பின்னதிற் சோம்பிக் கிடக்கின்றனர். இதற்குத் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. அவரவர் வீட்டுக் கணினியைத் திறந்து, அதிற் குவிந்து கிடக்கும் ஒளிப்படங்களைப் பார்த்தாலே போதும். (இவற்றை இன்னும் ‘புகைப்படம்’ என்பார் உளர். ஒளியால் அமையும் படத்திற் புகை எங்கிருந்து வந்தது?)

எண்ணிமப் படப்பொறி நேற்று முளைத்ததன்று. 1975-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கோடக்கு நிறுவனத்தில், சுடீவன் சாசன் என்னும் இளம்பொறியாளர் அதனை முதன்முதல் உருவாக்கினார். அப்பொறியின் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அது தந்த கருப்பு வெள்ளைப் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 நொடிகள் ஆயின. இன்றோ, சட்டைப் பையிலுள்ள கைப்பேசி ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் கொண்ட படத்தை இமைப்பொழுதிற் பதிந்துவிடுகின்றது. ஆயினும், அப்பொறியைப் பெற்றெடுத்த நிறுவனம் படச்சுருள் வணிகத்தையே பெரிதென எண்ணித் தன் பிள்ளையைத் தானே போற்றி வளர்க்கத் தயங்கியது. 2012 சனவரியில், கடனிறுக்க இயலாது முறைமன்றத்திற் காப்புத் தேடியது. கையிற் பெற்றதைப் பேணாதார்க்கு இஃதொரு பாடம்.

அப்பாடத்தை நம் வீடுகள் கற்றனவா? இல்லை. படச்சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்களே. ஒவ்வொன்றுக்கும் செலவும் உண்டு. ஆகலான் எண்ணி எடுத்தோம். கழுவி வந்த படத்தின் பின்புறத்தில் நாளும் ஊரும் பெயரும் எழுதி வைத்தோம். இன்று செலவில்லை; ஆகலான் எண்ணிப் பார்த்தலும் இல்லை. ஒரு திருமணத்திற்கு ஆயிரம் படங்கள் எடுக்கின்றோம். அவற்றின் பெயரோ, பொறி தானே இட்ட சில ஆங்கில எழுத்தும் ஒரு தொடரெண்ணுமே. ஐம்பது ஆண்டு கழித்து, “பாட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்?” என்று ஒரு பேரன் கேட்பான். விடை சொல்ல வல்லார் அன்று இரார். முகம் இருக்கும், உறவு அழிந்திருக்கும்.

இதனைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டா. முதற்கண், படக்கோப்புக்குப் பெயரிடுக. ‘2024-01-15 பொங்கல், தாத்தா வீடு’ என்றாற்போல ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில் எழுதினால், கணினியே அவற்றைக் கால வரிசையில் அடுக்கித் தரும். நூறு படங்களுக்கு ஒருசேரப் பெயரிட ‘இர்பான்வியூ’ என்னும் மென்பொருள் உதவும். வீட்டுப் பயன்பாட்டிற்கு அது விலையின்றிக் கிடைக்கின்றது. ‘டிசிகேம்’ என்னும் கட்டற்ற மென்பொருள், படத்திலுள்ளார் பெயரையும் குறிப்பையும் படக்கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்க வல்லது. மங்கிய பழம்படத்தைத் தெளிவாக்க 1996-இல் வெளிவந்த ‘கிம்பு’ உள்ளது.

இரண்டாவது, மூலப்படத்தின்மேல் கை வையாதீர். ‘சேபெக்கு’ என்னும் வடிவம், கோப்பின் அளவைச் சுருக்குதற்பொருட்டு நுண்செய்திகள் சிலவற்றைக் கழித்துவிடுவது. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு மிகும். ஆகவே படியெடுத்து, அப்படியையே திருத்துக. மூன்றாவது, எல்லாப் படங்களுக்கும் வேறொரு வன்தட்டில் மறுபடி ஒன்று வைத்திடுக. பழுதுறாத வன்தட்டு உலகில் இல்லை.

“பெயரை ஆங்கில எழுத்தில் இட்டாலென்ன?” என்பார் சிலர். அவ்வெழுத்தில் வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடுவர். வலியும் வளியும் வேறுபாடு இழக்கும். பெயரைக் காக்கப் புகுந்து பெயரையே குலைப்பதா? ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்99 விசைப்பலகையும் 1999-இலேயே வந்துவிட்டது. இன்றைய கணினி தமிழ்ப் பெயரை மறுப்பதில்லை; மறுப்பது நம் மனமே!

“பொறியே முகம் பார்த்துப் பிரித்துத் தருகின்றதே” என்பார் வேறு சிலர். பொறி முகத்தை ஒப்பிடும். ‘இவர் சின்னம்மா, இவர் பெரியம்மா’ என்னும் முறையை அது எங்ஙனம் அறியும்? அதனை நாம்தாம் எழுதல் வேண்டும். அன்றியும், பிறர் தரும் ஏந்துகளையே முற்றும் நம்புதல் இரவல் வீட்டிற் குடியிருத்தலை ஒக்கும். பலரும் விரும்பிப் பயன்படுத்திய ‘பிக்காசா’ மென்பொருளைக் கூகுள் நிறுவனம் 2016-இற் கைவிட்டது. வீட்டுக்காரர் கதவடைத்தால் குடியிருப்போன் என் செய்வான்?

ஆதலால், படங்காட்டிக் களித்தது போதும். வீட்டு முதியோரைக் கணினியின் முன் அமர்த்துங்கள். பழம்படங்களைப் பகலொளியிற் படியெடுத்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளைக் கொண்டே தமிழில் எழுதச் செய்யுங்கள். ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் ஒதுக்கினாற் போதும். எடுத்த படம் யாவும் நம்முடையனவாகா. பெயரிட்டுப் பேணிய படமே நம்முடையது. முதியோர் உள்ளபோதே இதனைச் செய்து முடியுங்கள்!