பெயரை வைத்துக்கொண்டு மௌனம் எதற்கு?

ஓப்பன் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் திட்டத்தை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையை வன்மையாகக் கண்டிக்கிறோம். அதே வகை மென்பொருளான லிப்ரே ஆபீஸை வளர்க்கும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் 2020 அக்டோபர் 12 அன்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. 'லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இருப்பதை உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்கள்' என்பதே கோரிக்கை. அப்பாச்சி செவிசாய்க்கவில்லை.

இரண்டும் ஒரு தாய் மக்கள். 2010-இல், ஓப்பன் ஆபீஸை நடத்திவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதும், நம்பிக்கையிழந்த தன்னார்வலர்கள் பிரிந்துபோய் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஆரக்கிள் பழைய பெயரையும் நிரலையும் அப்பாச்சியிடம் கொடுத்தது. உழைப்பு ஒரு பக்கம், ஊரறிந்த பெயர் மறுபக்கம் என்றாகிவிட்டது. 2019-இல் லிப்ரே ஆபீஸில் 15,000-க்கும் மேற்பட்ட நிரல் மாற்றங்கள், ஓப்பன் ஆபீஸில் 595 என்று கணக்குக் காட்டியது அந்தக் கடிதம். 2014-இல் வெளிவந்த 4.1 பதிப்புக்குப் பிறகு ஓப்பன் ஆபீஸில் வந்தவை சிறு திருத்தங்களே.

இதன் விலையைக் கொடுப்பவர் பயனர். 2015-இல், கொரியச் சொற்செயலிக் கோப்புகளைத் திறக்கும் பகுதியில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. லிப்ரே ஆபீஸ் ஏப்ரலிலேயே அதை அடைத்துவிட்டது. ஓப்பன் ஆபீஸின் திருத்தப் பதிப்பு அக்டோபர் இறுதியில்தான் வந்தது. அதுவரை சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? மென்பொருள் நிறுவிய கோப்புறைக்குள் போய், எச்டபிள்யூபி.டிஎல்எல் என்ற கோப்பை நீங்களே நீக்கிவிடுங்கள்! கடிதம் தட்டச்சு செய்யும் பள்ளிக்கூட எழுத்தரிடம் சொல்கிற பேச்சா இது? ஆள் குறைவு என்பதற்காக எந்தத் தன்னார்வலரையும் நாம் குறை சொல்லவில்லை. அந்த நிலையைப் பயனரிடம் சொல்லாமல் மறைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

லிப்ரே ஆபீஸ் ஆதரவாளர்களில் சிலர் ஓப்பன் ஆபீஸைச் செத்த மென்பொருள் என்று ஏளனம் செய்வதும் கண்டிக்கத்தக்கதே. 2013-இல் லிப்ரே ஆபீஸ் 4.1-இல் வந்த பக்கப்பட்டை அப்பாச்சி தரப்பின் நிரலிலிருந்து எடுத்தது. உரிமங்களின் அமைப்பால் ஓப்பன் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸுக்கு நிரலை எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸிலிருந்து ஓப்பன் ஆபீஸுக்குக் கொண்டுபோக முடியாது. வாங்கிக்கொண்டே வைவது நன்றிகேடு.

ஆயினும் முதலில் இறங்கிவர வேண்டியது அப்பாச்சிதான். ஓப்பன் ஆபீஸ் பதிவிறக்கப் பக்கத்தின் உச்சியிலேயே, புதிய வசதிகளும் விரைவான பாதுகாப்புத் திருத்தமும் வேண்டுவோர் லிப்ரே ஆபீஸுக்குச் செல்லலாம் என்று பளிச்சென எழுத வேண்டும். ஓப்பன் ஆபீஸில் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கலாம், அதே வடிவில் சேமிக்க முடியாது என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பின் வாசகத்தை இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். இனியும் தாமதம் வேண்டாம்.