கண்ணில் பூ விழுவது யாருக்கு?

உறையூரில் எங்கள் தெருவில் என் பெரியம்மாவுக்கு "ஒத்தக்கண்ணு" என்றுதான் பெயர். பிறவியில் வந்ததல்ல. குழுமணி பக்கம் கதிரடிக்கப் போன இடத்தில் ஒரு நெல் சுணை கண்ணில் கீறியது. முதல் நாள் தாய்ப்பால் விட்டார்கள். மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. சிவப்பு கொஞ்சம் இறங்கியது. அது ஸ்டீராய்டு கலந்த மருந்து என்பதும், பூஞ்சை பிடித்த கண்ணில் அதை விட்டால் புண் உள்ளே ஆழமாகும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனா கூலி போயிடும்டா" என்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பத்தாம் நாள் கருவிழி வெளுத்துவிட்டது. "கண்ணுல பூ விழுந்துடுச்சு" என்றது தெரு. விதி என்றார்கள்.

தோழர்களே, அது விதி அல்ல. கூலி வேலையில் பட்ட காயம்.

இந்தியாவில் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-லேயே தொடங்கியது. 2015-19 தேசியக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 0.36 சதவீதம் பேர் பார்வையற்றவர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் 1.99 சதவீதம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் காரணம் கண்புரை. அறுவை செய்தால் மீளக்கூடிய பார்வை அது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பார்வையிழப்பு 3.23 சதவீதம், பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களிடம் 0.43 சதவீதம். ஏழு மடங்கு வித்தியாசம். இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே யாரை நிறுத்தினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் என் பெரியம்மா இந்த எண்களில் எதிலும் இல்லை. அரசு பார்வையற்றவர் என்று எண்ணுவது, இரண்டு கண்களில் நல்ல கண்ணாலும் மூன்று மீட்டர் தூரத்தில் விரல்களை எண்ண முடியாதவரை மட்டுமே. ஒரு கண் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். சான்றிதழுக்குப் போனாலும் இதே கதைதான். ஒரு கண் முழுவதும் போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம் என்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இடஒதுக்கீடு போன்ற பலன்களுக்கு 40 வேண்டும். உழைத்ததால் கண்ணை இழந்தவருக்கு எண்ணிக்கையிலும் இடமில்லை, நிவாரணத்திலும் இடமில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மதுரை மாவட்டத்தைப் பற்றி 1996-ல் வெளிவந்த ஆய்வு, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவில் எடுத்த கணக்கைப் போலப் பத்து மடங்கு. நெல் சுணை, கரும்புத் தோகை, மரக்குச்சி, கல் உடைக்கும்போது தெறிக்கும் சில்லு என்று வயலிலும் குவாரியிலும் தினம் நடக்கிற சின்னச் சின்னக் கீறல்கள்தான் பெரும்பாலும் இதற்குத் தொடக்கம். அந்த வேலைகளில் முன்வரிசையில் நிற்பது யார்?

தடுக்க முடியுமா? நேபாளத்தின் பக்தபூரில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராம ஊழியர்களே மூன்று நாள் குளோராம்பெனிக்கால் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து வந்தவர்களில் கால்பங்குக்கு மேல் புண் வந்தது. பிறகு நேபாளத்திலேயே நடந்த பெரிய ஆய்வில் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். களிம்பு மந்திரம் அல்ல. அடிபட்ட அன்றே வேலையை விட்டு வர முடிகிறதா என்பது அதற்கு முந்திய கேள்வி. அது கூலி பற்றிய கேள்வி.

உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் கதை நமக்குத் தெரியும். திருவரங்கத்துக்குள் போகக்கூடாதென்று காவிரித் தென்கரையில் நின்று பாடியவர், கல்லடி பட்டவர், கடைசியில் தோளில் சுமந்து கொண்டுபோகப்பட்டவர். ஒருவரைத் தூக்கிப் போனதை ஊர் கொண்டாடுகிறது. மற்றவர்கள் எல்லாரும் கரையிலேயே நின்றதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இலவசக் கண் முகாம்களையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவற்றால் லட்சக்கணக்கானோருக்குப் பார்வை திரும்பியது உண்மை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2008-ல் பெரம்பலூர் முகாம் வழியாகக் கண்புரை அறுவை செய்துகொண்ட விழுப்புரம் மாவட்டத்து ஏழைகள் 66 பேருக்குப் பார்வை போனது. வழக்கு சி.பி.ஐ. வரை போனது. இலவசம்தானே என்று வாங்கிக்கொள்கிறவரிடம் கேள்வி கேட்கும் உரிமையும் இருக்க வேண்டும். தானமாகக் கிடைப்பதில் அந்த உரிமை வராது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பார்வையிழப்புக் கணக்கெடுப்பில் சாதியும் தொழிலும் கேட்கப்பட வேண்டும். ஒரு கண் இழந்தவர்களையும் எண்ண வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களின் பையில் டார்ச்சும் கண் களிம்பும், அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பும் சீட்டும் இருக்க வேண்டும். வேலையில் கண்ணில் அடிபட்டவருக்கு அன்றைய கூலி கிடைக்க வேண்டும். அறுப்புக்கும் கல் உடைப்புக்கும் துப்புரவுக்கும் கண்ணாடிக் கவசம் தர வேண்டும்.

இதற்குக் காத்திருக்காமல் மாணவத் தோழர்கள் ஒன்று செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், யாருக்கெல்லாம் ஒரு கண் இல்லை, எப்படிப் போனது, எந்த வேலையில் போனது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கண் களிம்பு இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கண்ணில் தூசி விழுந்தவரிடம் பாலும் வேண்டாம், கடைச் சொட்டும் வேண்டாம் என்று சொல்லி, புத்தூர் அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.

என் பெரியம்மாவை யாரும் கூட்டிப் போகவில்லை. எனக்கு அப்போது சைக்கிள் இருந்தது.